அப்பா கிழித்த சீட்டு

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடும் எழுதுகிறேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. சபையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற ஆள் நான்.

போன வருஷம் மே மாதம் பி.எஸ்சி. தாவரவியல் முடித்தேன். எங்கள் வீடு கோச்சடையில். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக வைகையில் சாக்கடை கலக்கிற இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். அப்போதே தீர்மானித்துவிட்டேன், எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்தான் என்று. மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருக்கும் அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. "பி.எட். முடிச்சிட்டு வாம்மா, நம்ம ஸ்கூல்லயே கேட்டுப் பாப்போம். இதப் படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்றார்.

முடிவு எட்டாத காரியத்துக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் சீட்டுப் போடுவோம். அப்பா இரண்டு சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைப்பார். அம்மா ஒன்றை எடுத்து வாசிப்பாள். மற்றதைப் பிரித்துப் பார்ப்பது கர்த்தரைச் சோதிக்கிற காரியம் என்று அப்பா அதைக் கிழித்துவிடுவார். அன்றைக்கு அம்மா எடுத்து "பி.எட்." என்று வாசித்தாள். அடுத்த நொடியே அப்பா மற்றச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

எப்போதும் கிழிப்பவர்தான். ஆனாலும் எனக்குப் பொறி தட்டியது. இரண்டிலுமே பி.எட். என்று எழுதியிருப்பாரோ? குப்பைக்கூடையைக் கிளறப் போனேன். அதற்குள் அம்மா எல்லாவற்றையும் குப்பை வண்டியில் கொட்டியிருந்தாள்.

பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்று அவர் கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வேன். ஜெபிக்கவும் முடியவில்லை. ஆண்டவர் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருநாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, எந்தப் படிப்பென்று இனிமேல் கேட்கமாட்டேன். பொய் சொன்னது யாரென்று மட்டும் காட்டும்."

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். எங்கள் வரிசை எழும்பியது. நான் போய் முழங்காலிட்டு, கைநீட்டி அப்பம் வாங்கினேன். திரும்பி வந்தால் அம்மா இடத்தை விட்டு அசையவே இல்லை. காய்ச்சலோடுகூடத் திருவிருந்துக்குப் போகிறவள் அவள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "ஏம்மா நீ எந்திரிக்கல?"

அம்மா அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "என்னங்க, அன்னைக்கு அந்தச் சீட்டுல சுற்றுச்சூழல்னுதான் இருந்துச்சு. நான்தான் மாத்தி வாசிச்சேன். பொம்பளப்பிள்ள கண்மாய் கண்மாயா பாட்டிலத் தூக்கிட்டு அலையணுமான்னு பயந்துட்டேன். பொய்ய வச்சுக்கிட்டு எப்படிக் கை நீட்டுவேன்?"

அப்பா அவளைத் திட்டவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "பத்து நாளா அதுக்குத்தான் பேசலயா? என்னையவா நெனச்ச?"

அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அப்பாவே வண்டியில் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற கல்லூரிக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் கொடுக்க வைத்தார். இடம் கிடைத்தது. முதல் வருஷம் முடியப் போகிறது. தண்ணீர் எடுக்கக் கண்மாய்க்குப் போனால் அம்மா மணிக்கு ஒருதரம் போன் செய்து, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். சந்தேக புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

படிப்புக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அன்றைக்கு நான் கேட்டதற்கு மேலேயும் அவர் காட்டினார். பொய் சொன்ன அம்மா பயந்து இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குற்றமில்லாத அப்பாவைப் பத்து நாள் மனசுக்குள் கள்ளனாக்கி வைத்திருந்த நான், எந்தக் கூச்சமும் இல்லாமல் போய்க் கை நீட்டினேன்.

பிரியமானவர்களே, யார்மேலாவது சந்தேகம் இருந்தால் ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். நம்பிக் கேளுங்கள், நிச்சயம் காட்டுவார். உங்களையும் சேர்த்துத்தான் காட்டுவார்.