விமானத்தின் மூக்குத்தி

என்னிடம் ஒரு விமானம் இருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சொன்னால், எந்தக் கோயிலில், கும்பாபிஷேகம் எப்போது என்று கேட்கிறார்கள். ராஜபாளையத்தில் சொன்னால் மைலேஜ் கேட்கிறார்கள். மூன்று வருடமாக இரண்டு ஊருக்கும் பதில் சொல்லி வருகிறேன். இது கோபுரத்துக்குப் பின்னால் நிற்கிற விமானம் இல்லை, பறக்கிற விமானம். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து லிட்டர் பெட்ரோல் குடிக்கும். "அம்புட்டுக் குடிக்குமா!" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டுவிட்டு, பேத்தி காதுகுத்துக்கு மேலேயிருந்து பூத் தூவ முடியுமா என்று கேட்டவர்கள் இதுவரை பதினொரு பேர். குறித்து வைத்திருக்கிறேன்.

குறித்து வைப்பது என் வியாதி. பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்த காலத்தில் எந்த மெஷினுக்கு எந்தக் கிழமை எண்ணெய் விட்டது என்பது என் நோட்டில் இருக்கும். ஓய்வு பெற்றதும் என் வயதுக்காரர்கள் வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கினார்கள். நான் இரண்டு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை எஞ்சின் வைத்த, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிச் சலித்த ஒரு சின்ன விமானத்தை வாங்கினேன். அவர்களுக்குத் தேங்காய் விழுந்தால் லாபம். எனக்கு நான் விழாமல் இருந்தால் லாபம்.

ஆலங்குளம் போகிற பக்கம், மானாவாரி நிலத்தில் அதற்கு ஒரு தகரக் கொட்டகை. கொட்டகை வாசலில் தொடங்கிச் சரளை அடித்த ஓடுதளம். சரளைக்கு இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்த மறுநாள் தப்பித்தவறிச் சக்கரம் கரிசலில் இறங்கினால், மண் ஒட்டி ஒட்டிச் சக்கரம் பணியாரம் மாதிரி உப்பிவிடும். அதனால் புரட்டாசி முடிந்து அடைமழை தொடங்கியதும் விமானமும் நானும் வீட்டோடு இருந்துவிடுவோம்.

வருடத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மற்ற நாட்களில் விமானத்தின் தாயும் தகப்பனும் என் பழைய ஆலைத் தோழர் ஒருவர்தான். தேவதானத்துக்காரர், நூற்பு மெஷின் ஃபிட்டர். கையேட்டில் உள்ள ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று அவர் எல்லாப் பாகத்துக்கும் உடம்பின் பெயரை வைத்துவிட்டார். எஞ்சின் நெஞ்சு, பெட்ரோல் டாங்கி வயிறு, விளக்கு கண். இடது இறக்கைக்குக் கீழே பென்சில் கனத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்க்கு மூக்கு என்று பெயர். அதன் நுனியில் ஒரு துளை. பறக்கும்போது எதிர்க்காற்று அந்தத் துளையில் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் விமானம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று உள்ளே இருக்கும் முள் காட்டும். குளவிகளுக்கு அந்தத் துளையின்மேல் தீராத காதல். "சார், மூக்குல வீடு கட்ட இன்னைக்கும் ஒருத்தி வந்து பாத்துட்டுப் போறா" என்பார் ஃபிட்டர். அதற்காகவே ஒரு சிவப்புத் துணி உறை தைத்து மூக்குக்கு மாட்டி வைத்திருந்தோம். மூன்று வருடத்தில் ஒரு குளவியாலும் அந்தத் துளையை அடைக்க முடியவில்லை.

அந்தப் பெருமை என் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் கணக்கு டீச்சராக இருந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட விமானத்தில் ஏறவில்லை. அதை 'வண்டி' என்றுதான் சொல்வாள். போன புரட்டாசியில் கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் வந்து, விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொடுப்பதாக இருந்தால் தனக்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ ஏறுறேன். பயமில்லாம இறங்குனா வண்டி இருக்கட்டும். பயந்தேன்னு வைங்க, அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குக் குடுத்திரணும். பொறவு பேச்சே கிடையாது."

"சரி" என்றேன். வேறு வழியில்லை. அவள் ஏறாமலே கொடுக்கச் சொல்லியிருக்கலாம்.

"எப்ப ஏறுற?"

"விஜயதசமி அன்னைக்கி. புதுசா தொடங்குறதுக்கு அதவிட நல்ல நாள் ஏது? இன்னொன்னு சொல்றேன். கிளம்புறதுக்கு முன்னால அங்க தட்டி இங்க தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது. டாக்டரு நம்மளயே உத்து உத்துப் பாத்தா நோய் இருக்குன்னுதான அர்த்தம்."

எனவே, கிளம்பும் முன் செய்ய வேண்டிய அத்தனை சோதனைகளையும் முந்தின நாளே, ஆயுதபூஜை மதியமே, செய்துவிட்டேன். சோதனைப் பட்டியலில் நாற்பத்திரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே டிக். பன்னிரண்டாவது வரி: 'மூக்குத் துளை, சுத்தம்.' அது சுத்தமாகத்தான் இருந்தது. டிக் போட்ட நேரம் மூன்று நாற்பது.

நான்கு மணிக்கு அவள் பூஜைச் சாமான்களோடு வந்தாள். ஃபிட்டர் வாழைக்கன்று வெட்டப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவள் விளக்குகளுக்குச் சந்தனம் வைத்தாள், எஞ்சின் மூடிக்கு வைத்தாள், மூன்று சக்கரத்துக்கும் வைத்தாள். பிறகு சிவப்பு உறையைக் காட்டி, "இது என்ன, சட்டையைப் போட்டு மூடி வச்சிருக்கு?" என்றாள்.

"மூக்கு" என்றேன். உறையைக் கழற்றிக் காட்டினேன். நானேதான் கழற்றினேன்.

"மூக்குன்னா மூக்குத்தி வேணாமா?" என்று, குழைத்த சந்தனத்தில் ஒரு உருண்டை எடுத்து நுனியில் அழுத்தி அப்பி, மேலே குங்குமத்தையும் விரலால் அழுத்தி வைத்தாள். பார்க்க உண்மையிலேயே மூக்குத்தி மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் அவள் அந்த விமானத்தைப் பிரியத்தோடு தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. போனில் போட்டோ எடுத்தேன். மூக்குத்தி கலையாமல் உறையை மாட்டினேன். மாட்டியவன் பராமரிப்புத் துறையில் முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியவன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஃபிட்டர் வாழைக்கன்றுகளை அவிழ்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், உறையை இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே இருந்த சந்தனம் உறையோடு போய்விட்டது. துளைக்குள் போனது உள்ளேயே காய்ந்திருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

ஓடுதளத்தில் பாதி தூரம் போவதற்குள் வேகமுள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பால பாடம் அது. பார்த்தேன் என்று இந்த இடத்தில் எழுத எனக்கு மிகுந்த ஆசை. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தாள், உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பதிமூன்றாம் வாய்ப்பாடு என்று பிறகு தெரிந்தது.

எழும்பிவிட்டோம். மேற்கே மலை மடிப்பு மடிப்பாக விரிந்தது. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் யாரோ ஊன்றி வைத்த பம்பரம் மாதிரி தெரிந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. "கண்மாயெல்லாம் எம்புட்டு அழகா இருக்கு" என்றாள் ஹெட்போனில். கோயம்புத்தூர்க்காரர் தோற்றார் என்று நான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"என்னங்க, இந்த முள்ளு எதக் காட்டுது?"

"வேகத்தை."

"இருநூத்தி இருவதத் தாண்டி நிக்குதே. நம்ம வண்டி நூத்தி நாப்பதுக்கு மேல போகாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பார்த்தேன். முள் எல்லா எண்களையும் கடந்து, சுவரில் முட்டிய ஆடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. நொடியில் புரிந்தது. துளை அடைத்தால் தரையில் இருந்த காற்று குழாய்க்குள் அகப்பட்டுக்கொள்ளும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். முள் அதை வேகம் என்று நினைத்து ஏறும். கீழே இறங்க இறங்க, நாம் எவ்வளவு வேகத்தில் போனாலும், சைபருக்கு வந்துவிடும். வேகம் தெரியாமல்தான் இறங்க வேண்டும். குறைவாகப் போனால் இறக்கை காற்றை விட்டுவிடும், விமானம் கல்லாகிவிடும். அதிகமாகப் போனால் ஓடுதளம் தீர்ந்து கரிசலுக்குள் போய்க் குப்புறக் கவிழும்.

"பின்காத்து" என்றேன்.

"காத்து அம்புட்டு அடிச்சா அந்தா கீழ நிக்கிற தென்னமரம் ஏன் ஆட மாட்டேங்குது?"

நான் வேகமுள்ளின் கண்ணாடியை விரலால் தட்டினேன்.

"முப்பது வருசமா, நாய் நோட்டத் தின்னுருச்சுன்னு சொன்ன பயலுகளப் பாத்திருக்கேன். மொகத்தப் பாத்தாலே தெரியும். உள்ளதச் சொல்லுங்க."

"மூக்கு அடைச்சிருக்கு."

"சளியா?"

"சந்தனம்."

விமானத்தை ஓடுதளத்தின் பக்கம் திருப்பினேன். பிறகு எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கேள்வி ஒன்றுதான்: "முள்ளு இல்லாம இறக்க முடியுமா?"

"எஞ்சின் சுத்துற வேகம் தெரியணும், மூக்கு, அதாவது முன்பக்கம், எந்தச் சாய்வுல இருக்குன்னு தெரியணும். ரெண்டும் சரியா இருந்தா வேகமும் சரியாத்தான் இருக்கும்."

"எஞ்சின் வேகத்துக்கு எந்த முள்ளு?"

காட்டினேன். "மூவாயிரத்தி நூறுல நிக்கணும். நான் வெளியதான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் கைக்குட்டையை எடுத்து வேகமுள்ளின் கண்ணாடிமேல் விரித்து, ஓரத்தைச் சந்தில் செருகினாள். "பொய் சொல்றவன முதல்ல வகுப்புக்கு வெளிய நிறுத்தணும்" என்றாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள். வருகைப் பதிவேடு வாசிக்கிற அதே குரல். "மூவாயிரத்தி நானூறு. மூவாயிரத்தி முன்னூறு. கொறைங்க. மூவாயிரத்தி நூறு. அப்படியே இருக்கட்டும்." நான் முன்கண்ணாடிக்குள் ஓடுதளத்தின் முனை மேலேயும் ஏறாமல் கீழேயும் நழுவாமல் ஒரே இடத்தில் நிற்கும்படி பிடித்துக்கொண்டேன். ஆலையில் நூல் சுற்றும் கதிர்களின் சத்தத்தை வைத்தே எந்த மெஷின் தளர்கிறது என்று சொல்வேன். அன்றைக்கும் காதை நம்பினேன். காற்று இறக்கையில் உரசுகிற சத்தம் மெலியும்போதெல்லாம் முன்பக்கத்தை ஒரு இம்மி தாழ்த்தினேன்.

வேகம் கொஞ்சம் அதிகம்தான். சக்கரம் தொட்டது, எழும்பியது, தொட்டது, எழும்பியது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு" என்று எண்ணினாள். நான்காவது இல்லை. ஓடுதளம் முடியப் பத்தடி இருக்கும்போது நின்றோம். முன்சக்கரத்துக்கு நேர் எதிரே கரிசல் காத்துக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்ன சார், சிவகாசிக்கே ஓட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சீயளா?"

நான் ஒரு ஈர்க்குச்சி கேட்டேன். துளைக்குள் விட்டுச் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் தீக்குச்சி நீளத்துக்கு வந்தது. தீக்குச்சி மாதிரியே நுனி சிவப்பு. ஃபிட்டர் பையிலிருந்து உறையை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கறை. அவர் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்தாள்.

"சந்தனம் வச்சது நான். ஒத்துக்கிறேன்" என்றாள். "உங்க நோட்டக் கொண்டாங்க."

பன்னிரண்டாவது வரியில் விரல் வைத்தாள். மூன்று நாற்பது. என் போனை வாங்கி, மூக்குத்திப் போட்டோவைத் திறந்தாள். நான்கு பன்னிரண்டு. தேதியும் நேரமும் ஒழுங்காக எழுதி வைக்கிறவனுக்கு எதிராகச் சாட்சி தேட யாரும் அலைய வேண்டியதில்லை.

"பரீட்சைக்கு முந்தின நாளே மார்க் போட்ட வாத்தியார இன்னைக்கித்தான் பாக்கேன்" என்றாள். கைப்பையில் சிவப்பு மையில் எழுதும் பேனா இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அது இருக்கிறது. பன்னிரண்டாவது வரியை அடித்து, பக்கத்தில் 'தவறு' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "பயந்தியா?"

"பயந்தேன்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொட்டகையைப் பார்த்தேன், விமானத்தைப் பார்த்தேன். அவள் என் போனிலேயே கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிட்டாள்.

"வணக்கங்க. நான் அவிய வீட்டுக்காரி பேசுறேன். வண்டி குடுக்கிறதா இல்லைங்க. பயந்தது உண்மைதான், ஆனா வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. மூக்க அடைச்சும் பத்திரமா கொண்டாந்து எறக்கிருச்சு. ஓட்டுறவரு வேணும்னா சொல்லுங்க, யோசிக்கலாம்."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவள் சிரித்தாள், வைத்துவிட்டாள்.

இப்போது முந்தின நாள் டிக் கிடையாது. கிளம்புகிற காலையில் அவள் ஓடுதளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டியலை வாசிக்கிறாள். நான் அந்தந்தப் பாகத்தைத் தொட்டுப் பார்த்து, அதன் சார்பில் பதில் சொல்ல வேண்டும்.

"நெஞ்சு?"

"உள்ளேன் டீச்சர்."

"வயிறு?"

"உள்ளேன் டீச்சர்."

மூக்கை மட்டும் இரண்டு தடவை கூப்பிடுகிறாள்.