லட்டுக் கவரில் சோதித்த கேமரா

திருப்பதியில் சிறிய பயிற்சி விமானங்களுக்கு மெக்கானிக் நான். எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய் கேமரா ஒன்றை மலிவாக வாங்கினோம். கடையில் லட்டுக் கவரின் பொடி எழுத்தைக் காட்டிச் சோதித்தோம், பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் அது நேராக மட்டுமே பார்க்கும். சிலிண்டருக்குள் கேமரா நுழையும் துளையின் பக்கமே வால்வும் இருப்பதால், முனை பின்னால் வளைந்தால்தான் அதன் முகம் தெரியும். எங்களுக்கு அது உறைக்கவில்லை.

"உள்ள எப்டி கீது?" என்று, நான் அந்தக் கேமராவில் எஞ்சினைப் பார்த்து முடித்ததும் கேட்டார் பைலட் முரளி அண்ணன்.

"சுத்தமா கீதுண்ணா. போய்னு வாங்க."

கருகியிருந்த வால்வு நடுவானில் உடைந்தது. நாராயணவனம் பக்கம் வயலில் மோதி இறங்கினார். அன்றிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

இப்போது கேமரா வாங்கப் போனால், கருகிய வால்வுள்ள பழைய சிலிண்டரையும் தூக்கிப் போகிறேன். அந்தக் கருகல் திரையில் தெரிந்தால்தான் வாங்குவேன்.

பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் படுத்தபடியே கேட்கிறார்: "உள்ள எப்டி கீது?"

"இன்னொரு வாட்டி பாத்துட்டு சொல்றேண்ணா."