கூடையைக் கண்டால் நிற்காத பஸ்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலையில், என்னோடு மீன் விற்கிற அமுலு கூடையோடு பஸ் ஸ்டாப்பிங் டீக்கடை ஓரமாக வந்துகொண்டிருந்தாள். கடையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் அவளைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார்.

"எறங்கு எறங்கு! கூடை நாறுது, எறங்கு!"

டீ குடித்துக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

இதை அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் தெரியுமா? எங்களிடம்தான்!

எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுகிறவள் நான். சுற்றி வளைக்கத் தெரியாது. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ராயபுரத்தில் பஸ் ஏறி, பெரம்பூர் பக்கம் தெருத்தெருவாக விற்பது எங்கள் பிழைப்பு. பஸ் ஏறி என்று எழுதிவிட்டேன்... ஏறினால்தானே? ஸ்டாப்பிங்கில் கூடைகளைக் கண்டால் பஸ் நிற்காது. தள்ளிப் போய் நிற்கும். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். நாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கிளம்பிவிடும்.

அமுலுவுக்கு முட்டி வலி. ஓட முடியாது. அவளுடைய வாடிக்கை வீடுகளில் குழம்பு கூட்டும் நேரத்துக்கு மீன் போய்ச் சேர வேண்டும். தப்பினால், "இன்னிக்கு சாம்பார் வெச்சிட்டோம்மா" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். தினமும் ஷேர் ஆட்டோவில் போனால் லாபம் அதற்கே சரி. வாடிக்கை ஒவ்வொரு வீடாக உதிர்ந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் அமுலு கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

மனு கொடுத்தோம். "பார்க்கிறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் போல.

அப்போதுதான் சுகன்யா வந்தாள். வியாசர்பாடிப் பெண். பறை அடிப்பாள். தெருவில் ஆட்டம் போட்டு நியாயம் கேட்கிற குழு ஒன்று வைத்திருக்கிறாள். "உங்க பஸ் கதைய நீங்களே ஆடுங்கம்மா, ஊரு பாக்கட்டும்" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் பறை கேட்டால் சாவு என்று அர்த்தம். ஆடுவது ஆம்பளைங்க. நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். "இந்த வயசுல எனக்கு இன்னா ஆட்டம்?" என்றேன்.

"கூடையத் தலையில வெச்சிக்கினு, கைய வுட்டுட்டு நடப்பீங்களாமே... மெய்யாவா?" என்று கேட்டாள் சுகன்யா.

நடந்து காட்டினேன். கூடை அசையவில்லை. அப்புறம் எப்படி மாட்டேன் என்பது? பெருமையைக் கிளப்பிவிட்டால் மனுஷி எதற்கும் சம்மதித்துவிடுவாள்!

கண்டக்டர் வேஷம் மேரிக்கு. இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறவள். நெட்டை. கோணல் முகம் காட்டினால் அழுகிற பிள்ளையும் சிரிக்கும். காக்கிச் சட்டை, தோளில் பை, வாயில் விசில். மூக்கைப் பிடித்துக்கொண்டு, பறைக்கு ஏற்ற மாதிரி இடுப்பை வெட்டி வெட்டி, எங்களை ஒவ்வொருத்தியாக இறக்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாதா கோவில் பின்னால் இருக்கிற திடலில் ஆடினோம். ஒரே விசில்! ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மேரி மறுபடியும் எங்களை இறக்கிவிட்டாள். சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

விடிந்தால்... டீக்கடையில் அந்த ஆட்டோக்காரர்.

அமுலு நேராக என் வாசலுக்கு வந்து கூடையை இறக்கினாள். கண் சிவந்திருந்தது.

"யக்கா, இத்தினி நாளு டிரைவருக்கு மட்டும்தான் நாம நாறிக்கினு இருந்தோம். இப்ப ஊருக்கே சொல்லிக் குட்த்துட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஜனங்கள் யாரோடு சேர்ந்து சிரித்தார்கள்? கண்டக்டரோடு. யாரைப் பார்த்து? எங்களைப் பார்த்து. கைதட்டல் வந்துவிட்டால் ஜனம் நம் பக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியா என்ன?

அன்று மாலை எல்லாரும் கூடினோம். மேரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் இல்லாங்காட்டி அது இன்னா ஆட்டம்? ஜனம் என்னியப் பாக்கத்தான் வந்துச்சு."

"அதாண்டி பேஜாரே" என்றேன்.

"கண்டக்டர இன்னும் கொஞ்சம் கெட்டவனாக் காட்டலாமா?" என்றாள் சுகன்யா.

மூலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அமுலு நிமிர்ந்தாள். "இன்னா கண்டக்டரு? வண்டி நின்னு, நாம ஏறினாத்தான அவரு எறக்குவாரு? நம்மள எறக்கி எம்மா நாளாச்சு? நிக்கறதே இல்ல!"

வாஸ்தவம்தானே? இப்போது நடக்காத ஒன்றை ஆடியிருக்கிறோம். நடப்பது ரொம்பச் சின்ன விஷயம். கை காட்டுகிறோம். பஸ் போய்விடுகிறது. அதில் திட்டு கிடையாது, சண்டை கிடையாது. தமாஷுக்கு வழியே இல்லை.

"அப்ப அதையே ஆடுவோம்" என்றாள் சுகன்யா.

"நானு?" என்றாள் மேரி.

"நீதான் பஸ்ஸு."

"நானு பஸ்ஸா? என் காக்கிச் சட்டை?"

"எந்த பஸ்ஸுடி சட்டை போட்டுகினு ஓடுது?" என்றாள் அமுலு. அன்று முதல் தடவையாக மேரியும் சிரித்தாள்.

இந்த முறை அந்த ஸ்டாப்பிங்கிலேயே, காலையிலேயே ஆடுவது என்று முடிவு. அமுலு ஒரு கண்டிஷன் போட்டாள். "ஆடிட்டு அப்டியே யாவாரத்துக்குப் போவணும். வெறுங்கூடையத் தூக்கிக்கினு ஆட என்னால ஆவாது." ஆகவே அவள் கூடையில் சங்கராவும் நெத்திலியும் நிஜமாகவே இருந்தன.

பறை ஆரம்பித்தது. கூடையை இறக்கினோம். கை காட்டினோம். மேரி "பாம்... பாம்..." என்று எங்களைத் தாண்டி ஓடினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு துரத்தினோம். நின்றோம். இறக்கினோம். மறுபடி கை. மறுபடி மேரி.

ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றிலும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அமுலு முட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கூடையைத் தூக்கினாள். அது நடிப்பு இல்லையே! சிரிப்பு அடங்கியது. பறைச் சத்தம் மட்டும் கேட்டது. டீக்கடையில் அதே ஆட்டோக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

நாங்கள் கை காட்டிக்கொண்டு நிற்கிறோம். மேரி ரோட்டில் ஓடிவருகிறாள். அவளுக்குப் பின்னாலேயே... நிஜ பஸ்! பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பஸ். டிரைவர் பிரேக் போட்டார். தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, மறியலா?"

அமுலு கையை இறக்கவே இல்லை. "மறியல்லாம் இல்ல நைனா. கை காட்னோம். நிறுத்தின. ஏறிக்கட்டா?"

அவர் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏறும்மா... சீக்கிரம்."

ஆட்டோக்காரர் ஓடிவந்து அமுலுவின் கூடையைத் தூக்கிப் படியில் வைத்தார். மூக்கைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் கூடையில் அல்லவா இருந்தன!

"யம்மா, கடைசி அடி இன்னும் கீது!" என்று கத்தினாள் சுகன்யா.

அமுலு ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். "அத நாளிக்கு ஆடிக்கலாம் கண்ணு. கொயம்பு நேரம் தாண்டிடும்!"

ஒரு ஆட்டத்தில் உலகம் திருந்திவிட்டது என்று எழுத எனக்குக் கூச்சம். விட்டுப்போன வாடிக்கையில் ஒரு வீட்டை அமுலு மீட்டுவிட்டாள். மற்ற வீடுகள் இன்னும் வரவில்லை. பஸ் சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை.

நிற்காத நாளில் மேரி மறுபடி "பாம்... பாம்..." என்று ஓடுகிறாள்.