கரிசல்மேல் போட்ட பழி

எங்கள் தெருவில் முதலில் மோடம் வாங்கியவன் நான். கோவில்பட்டியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன், கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும். டெலிபோன் கம்பிக்குத் தெரிந்தது ஒலி. பூஜ்யத்தையும் ஒன்றையும் ஒலியில் ஏற்றி அனுப்புவது மாடுலேஷன். வருவதைப் பிரித்தெடுப்பது டிமாடுலேஷன். இரண்டையும் செய்வதால் அதற்கு மோடம் என்று பெயர். முதலில் அது கீச்சிடுவது, எதிர்முனை மோடத்தோடு வேகம் பேசி முடிக்கிற சத்தம்.

ஒன்றை மட்டும் நான் விளக்கவில்லை. இணைப்பு இருக்கும்வரை, வெளியிலிருந்து அழைப்பவருக்கு எங்கேஜ்டு டோன்தான் கேட்கும்.

பக்கத்து வீட்டில் போன் கிடையாது. அந்தப் பெண்ணின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். எங்கள் எண்ணைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கூப்பிடுவார்; அதற்கு முன்பே அவள் வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாடத்துக்கான மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி வந்திருந்தது. துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அண்ணாச்சி, இது ஓடும்போது போன் வருமா? காண்ட்ராக்ட்டை நீட்டவா, ஊருக்கு வரவான்னு கேட்டிருக்காவ. இன்னைக்கு நான் பதில் சொல்லணும். வந்துருங்கன்னு சொல்லப் போறேன்."

"வரும், இரு தங்கச்சி" என்றேன்.

இருட்டும்வரை இருந்தாள். மணி அடிக்கவில்லை. எனக்கு வர வேண்டியது முழுதாக வந்து சேர்ந்தது. மோடத்தை அணைத்துவிட்டு, அவள் முன்னாலேயே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

"லைன் செத்துப்போச்சு. கரிசல் வெடிச்சு கேபிள் அத்துருக்கும்."

கோடையில் இங்கே மண் பிளந்து, புதைத்த கம்பியை இழுத்து அறுத்துவிடும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் காதில் டயல் டோன் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். பதில் கிடைக்காததால் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அவர் திரும்பி வந்து, இங்கேயே கடை வைத்து, பேரன் பேத்தியும் பார்த்தாயிற்று. போன மாதம், மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கையை உதறி நிமிர்ந்தாள். "அன்னைக்கே சொல்லிருந்தா நாலு ஏச்சு ஏசிட்டு விட்டிருப்பேன். இத்தனை வருசமா அந்த மண்ணையில்லா ஏசிக்கிட்டு இருக்கேன்!"

சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"வந்துருங்கன்னு சொல்லப் போறேன்னு உங்ககிட்ட சொன்னேனா, இல்லையா?"

"சொன்னே."

"சொன்னேன்லா. அப்போ தெரிஞ்சுதான் செஞ்சிருக்கிய" என்று வற்றலைத் திருப்பிப் போடத் தொடங்கினாள்.