பாதிப் பாலத்தில் நின்ற சூப்பர்வைசர்

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும், எங்கள் ஊர் வடக்குப்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி என் வீட்டுக்காரர் என்னை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. 1991-ல் அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனார். அவருக்குக் கீழே ஆறு பேர். வீட்டுக்கு வந்தால் ஏழாவது ஆள் நான். அந்தச் சந்தோஷத்தில், பாண்டிச்சேரியில் கடலுக்குள் நீளமாகப் போகிற பாலத்தைக் காட்டுவதாகச் சொன்னார். அவரும் அதைப் பார்த்ததில்லை. கம்பெனி லைனில் வேலை செய்கிற ஒருத்தர் பார்த்துவிட்டு வந்து பீற்றிக்கொண்டாராம். சூப்பர்வைசர் பார்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டுக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பினோம். எத்தனை மணிக்குப் பஸ், எத்தனை மணிக்குப் புளிசோறு என்றெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பஸ் பஞ்சர். கிளம்பும் முன்பே இதையெல்லாம் செக் பண்ண வேண்டாமா என்று கண்டக்டரை விசாரித்தார். கண்டக்டர் ஜாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் கிரீஸோடுதான் கடலைப் பார்த்தோம்.

பாலத்தின் முதல் பகுதி மணலுக்கு மேலேயே போகும். அதுவரை அவர் முன்னால், நான் பின்னால். கைப்பிடிக் கம்பியில் துருவைச் சுரண்டிப் பார்த்தார். போல்ட் லூசாக இருக்கிறது, மெயின்டெனன்ஸே இல்லை என்று குறை சொன்னார். கீழே தண்ணீர் வந்ததும் பேச்சு குறைந்தது. தளத்தில் விரல் நுழைகிற இடைவெளிகள். அவற்றின் வழியே பச்சைத் தண்ணீர் எழும்பி அடங்குவது தெரிந்தது. பெரிய அலை ஒன்று தூணில் மோதிக் கால் அதிர்ந்தது. அவர் கம்பியைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் இந்த போல்ட்டெல்லாம் பாத்துகினு இருக்கேன்."

"இன்னா மாமா, பயமா?"

"பயமா? யாராவது ஒருத்தர் இங்க நிக்கணுமில்ல."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். முன்னால் யாருடைய முதுகும் இல்லை. காற்று முந்தானையைப் பிடுங்கியது. எனக்கும் பயம்தான், ஆனால் திரும்பத் தோன்றவில்லை.

முனையில் ஒரு அம்மா தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனியாகவா வந்தாய் என்று கேட்டார். வீட்டுக்காரர் நடுவில் நிற்கிறார் என்றேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, போன வாரம் ஒரு போலீஸ்காரரும் அதே இடத்தில்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்த அம்மா பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். பையில் புளிசோறு இருந்தது. இரண்டு பேரும் தின்றோம். சீட்டில் எழுதிய சாப்பாட்டு நேரம் தாண்டிப்போன பிறகுதான் எழுந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் அதே கம்பியோடு நின்றிருந்தார். புளிசோறு எங்கே என்று கேட்கவில்லை.

"முனையில இன்னா இருந்துச்சி? வெவரமா சொல்லு."

கடல்தான் இருந்தது என்றேன். அது அவருக்குப் போதவில்லை. பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோயில் வரை கேட்டுக்கொண்டே வந்தார்; நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் லைன் ஆள் ஒருவர், மனைவியோடு பாலம் பார்க்கப் போவதற்கு வழி கேட்டு வீட்டுக்கு வந்தார். முனையில் எங்கே உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும் என்பதுவரை என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். முனையில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் கிட்டத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.