ஞாயிற்றுக்கிழமைத் தங்கச்சி

டோர்வல் விமான நிலையத்தில், விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கூடத்தில் மாக்கிரட்டுக்கு ஏழு வருஷம். ஒருநாளும் பிந்தி வந்தவளில்லை. 2005இல் அருமைராசா மேற்பார்வையாளராக வந்தபோது, "எங்கட ஆள்" என்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியவளும் அவள்தான். பதினாறு வருஷம் ஒல்லாந்தில் இருந்துவிட்டு வந்த மனுசன். அங்கே வேலை வேறு, வீடு வேறாம். ஞாயிறு பூசையில் கண்டால் "தங்கச்சி" என்பார். கூடத்தில் "மிஸிஸ் மாக்கிரட்".

அடுத்த மே மாதம் ஒரு ஞாயிறு, மகள் ஜென்சி கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மை. அந்த ஞாயிறு பார்த்து மாக்கிரட்டுக்கு வேலை முறை வரும்போல இருந்தது. சொந்த ஆளிடம் போய், நாலுபேருக்கு முன்னால் அந்நியர் மாதிரியா லீவு கேட்பது? மூன்று கிழமைக்கு முந்தியே ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு கோட்-டெ-நெய்ஜில் அவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணை, பிள்ளையின்ர நன்மைக்கு அந்த ஞாயிறு லீவு..."

"வேலைக்கதை வேலையில, தங்கச்சி. வீட்டில கதைக்கிறேல்ல."

ரோல்ஸ் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"வேலையிலயும் ஒருக்காக் கேளுமன்" என்றான் கணவன்.

"வீடு தேடிப்போய்க் கேட்டிட்டன். பேந்தும் கேட்டால் அந்த மனுசனை நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்?"

நன்மைக்கு முந்தின கிழமை வேலைப் பட்டியல் ஒட்டினார்கள். ஞாயிறு, காலை ஆறு மணி, மாக்கிரட். நேரே அவர் அறைக்குள் போனாள்.

"அண்ணை, உங்கட வாசலில வந்து கேட்டனே!"

"இங்க நீங்கள் கேக்கேல்ல, மிஸிஸ் மாக்கிரட். உங்களோட தட்டு அடுக்கிற நத்தலி அதே ஞாயிறுக்கு எழுதித் தந்தா. ஒராளுக்குத்தான் லீவு, அவவுக்குக் குடுத்தாச்சு."

"என்ர ரோல்ஸ் மட்டும் செமிச்சுதோ?"

வாசலில் கேட்டது காதில் விழாமல் போய்விட்டதாம்! என்ன மனுசப் பிறப்பு!

அந்த ஞாயிறு முழுக்கத் தட்டு அடுக்கினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கணவன் கமராவை நீட்டினான். வெள்ளைச் சட்டையில் ஜென்சி. ஒரு பக்கம் தகப்பன். தாய் நிற்கவேண்டிய மற்றப் பக்கத்தில், கோட்டும் சூட்டுமாக அருமைராசா, பிள்ளையின் தலையில் கைவைத்தபடி.

"நான் தனிய நிண்டதைப் பார்த்திட்டு அவராத்தான் எழும்பி வந்தவர்" என்றான்.

ஜென்சி ஓடிவந்து, கழுவித் துடைத்த அந்த ரோல்ஸ் தட்டை நீட்டினாள்.

"மாமா தந்தவர். 'தங்கச்சி ஏன் வரேல்லை' எண்டும் கேட்டவர்."

மாக்கிரட் தட்டை வாங்கிச் சுவரில் அடித்தாள்.