பெட்டி மூடும்வரை ஓடுமா?

சென்ற வாரம் ஒரு பழைய கேமரா வாங்கப் போனேன். போய்ச் சேர்ந்த இடம் — ஒரு சாவு வீடு!

பயண வீடியோ போட்டுத்தான் இப்போது என் சாப்பாடு ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். போனில் எடுத்தால் நடக்கும்போது படம் குலுங்குகிறது. சின்னதாக ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்தால் தேவலை. பஸ் ஸ்டாண்டில் படுத்தெழுந்து ஊர் சுற்றுகிறவனுக்குப் புதிது கட்டுப்படியாகுமா? பழையதுதான். ஆனால் பழையது என்றாலே பயம். லென்ஸில் ஃபங்கஸ் இருக்குமோ? திருட்டுப் பொருளோ? சூடாகி நடுவில் அணைந்துவிடுமோ?

கேரள எல்லையில் பாறசாலையில் இறங்கி, விற்பதாகச் சொன்ன வினோவுக்கு போன் போட்டேன். கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் நேரலையில் காட்டுவது அவன் தொழில்.

"மக்கா, இன்னைக்கு குன்னத்துகால்ல ஒரு அடக்கம் உண்டு. அந்தக் கேமராதான் ஓடப்போவுது. பக்கத்துல நின்னு ஒனக்க கண்ணால பாத்துக்கோ. பெறவு பேசலாம்."

இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். வர முடியாதவருக்காக நேரலை வைப்பது, பந்தல் போடுவதுபோல வழக்கமாகிவிட்டது. அன்று இறந்த அம்மாவின் மகன் செல்வின் சவுதியில். லீவு கிடைக்கவில்லை. அவர் அம்மாவின் முகம் பார்த்து, 'சரி' என்று சொன்ன பிறகுதான் பெட்டியை மூடுவது என்று வீட்டில் முடிவு. போதகரும் சம்மதித்துவிட்டார்.

போனிலேயே காட்டலாமே என்கிறீர்களா? காலையில் காட்டிப் பார்த்தார்களாம். அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்ததாம்.

தகரப் பந்தல். உச்சி வெயில். ஸ்டாண்டில் கேமரா, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர். ஜெபம் முடிந்தது, பாட்டு முடிந்தது... கேமரா திரையின் மூலையில் சிவப்பாக ஓர் அடையாளம். சூடு!

"வினோ, சூடு காட்டுது" என்றேன் மெதுவாக.

"தெரியும்லே. நல்ல கேமராவ கூட்டாளி ஒரு கல்யாணத்துக்குக் கொண்டு போயிட்டான். நீ கொஞ்சம் விசுறு."

பாட்டுப் புத்தகத்தை எடுத்து விசிறினேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "எலே, இஞ்ச மனுசன் வேர்த்துச் சாவுதான். நீ கேமராவுக்கு விசுறுதியா?" என்றார்.

"இது நின்னா அந்தப் பக்கம் மகனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் தன் குடையை விரித்து, தகரத்தின் அனல் இறங்காமல் கேமராவுக்கு மேல் பிடித்தார்.

மகள் ஷைனி பெட்டி அருகில் நின்றார். கையில் போன், ஸ்பீக்கரில் அண்ணன்.

"அண்ணே, அம்மைக்க முகம் காணுதா?"

"காணுது... கொறச்சு நேரம் கூட இருக்கட்டு."

இன்னும் கொஞ்ச நேரம்! சிவப்பு அடையாளம் இப்போது கண் சிமிட்டத் தொடங்கியது. 'சீக்கிரம், அணையப்போகிறது' என்று சொல்வதா? அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவரை எப்படி அவசரப்படுத்துவது? சொல்லாமல் விட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருண்டுவிட்டால்? எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன் நான். பட்டினி, போலீஸ் விரட்டல் எல்லாம் பழகியாயிற்று. இது பழகவில்லை; இன்னும் வேகமாக விசிறினேன்.

"அண்ணே, மூடட்டா?"

ஸ்பீக்கரில் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும். சிவப்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"சரி மக்கா... மூடு."

மூடினார்கள். தூக்கினார்கள். பெட்டி பந்தலைத் தாண்டுவதற்குள் திரை கருத்துவிட்டது.

வினோ என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினான். "சூடாவும். கண்டாச்சுல்லா? வேண்டாம்னா விட்டுரு. நாளைக்கு செங்கல் ஊர்ல ஒரு அடக்கம் உண்டு. அதுக்கும் இதாக்கும் போவுது."

அதைக் கேட்டதும் வாங்கிவிட்டேன். "நாளைக்கு அந்த நல்ல கேமராவைக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன்.

கண்ணெதிரே அணைந்த கேமராவை எவனாவது வாங்குவானா? நான் எடுக்கப்போவது பூவார் படகும் புரோட்டா கடையும்தான். நின்றால் ஆற வைத்து மறுபடி எடுப்பேன். படகு திரும்பி வரும், புரோட்டாவும் திரும்ப வேகும்.

பழைய கேமராவா? ரீடேக் உள்ள வேலைக்கு மட்டும் வாங்குங்கள்!